சன் 268: வாரன் ஸ்மித்தின் இரண்டு வாழ்க்கை

1957-ஆம் ஆண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துச் சன் நிறுவனம் இரண்டு இசைத்தட்டுகளை அடுத்தடுத்த வரிசை எண்களில் வெளியிட்டது. 267 ஜெர்ரி லீ லூயிஸின் ‘ஹோல் லாட் ஆஃப் ஷேக்கின் கோயிங் ஆன்’. 268 வாரன் ஸ்மித்தின் ‘ஸோ லாங் ஐயாம் கான்’. முன்னது பில்போர்டு இதழின் கன்ட்ரிப் பட்டியலிலும் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. பொதுப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. பின்னது பில்போர்டு பொதுப் பட்டியலில் எழுபதுகளை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது.

லூயிஸை உலகம் அறியும். ஸ்மித்தின் பெயரைப் பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்களை விட்டால் அமெரிக்கர்களிடமே கேட்பது அரிது. பெரிய திறமைக்கு முன்னால் சிறிய திறமை நிற்க முடியவில்லை என்று ஒரே வரியில் இதை முடித்துவிடலாம். ஆனால் 1956 தொடங்கி ஸ்மித் பாடியவற்றை வரிசையாகக் கேட்டு, கூடவே எது எவ்வளவு விற்றது, எது பட்டியலில் ஏறியது என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. கன்ட்ரியும் புளூஸும் கலந்த, பட்டியலில் அவர் பெரிதாக ஜெயிக்காத ராக்கபில்லிப் பாட்டுகளுக்காகத்தான் இன்று அவருக்குக் கொஞ்சமாவது பெயர் இருக்கிறது. அவர் உண்மையிலேயே ஜெயித்த கன்ட்ரிப் பாட்டுகளை யாரும் பேசுவதில்லை. புறக்கணிக்கப்பட்ட கலைஞர்கள் எத்தனையோ பேர் உண்டு. தன் வெற்றி புறக்கணிக்கப்பட்டுத் தோல்வி கொண்டாடப்பட்டவர்கள் குறைவு.

ஸ்மித் 1932 பிப்ரவரி 7 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹம்ஃப்ரீஸ் மாவட்டத்தில் பிறந்தார். லூயீஸ் என்ற சிற்றூரில், தாய்வழித் தாத்தா பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். அவர்களுக்குச் சிறு பண்ணையும் ஒரு துணிக்கடையும் இருந்தன. பருத்தி விளையும் டெல்டாப் பகுதி அது. புளூஸ் இசையின் தாய்மண்ணும் அதுதான். விமானப்படையில் சேர்ந்து டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்தபோதுதான் கிட்டாரைக் கையில் எடுத்தார். படையிலிருந்து வெளிவந்ததும் பாட்டையே பிழைப்பாக்கும் எண்ணத்தோடு மெம்ஃபிஸுக்கு எதிர்க்கரையில், ஆற்றைத் தாண்டி ஆர்கன்சா மாநிலத்தில் இருக்கும் வெஸ்ட் மெம்ஃபிஸுக்குப் போனார். அங்கே காட்டன் கிளப் என்ற நடன அரங்கில் வாய்ப்புக் கேட்டுப் பாடிக்காட்டினார். அந்த அரங்கில் வாசித்துவந்த ஸ்நியர்லி ராஞ்ச் பாய்ஸ் குழுவின் ஸ்டீல் கிட்டார்க்காரர் ஸ்டான் கெஸ்லர் இவர் குரலைக் கேட்டதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், யூனியன் அவென்யூ 706-ஆம் எண் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே இயங்கிய சன் நிறுவனத்தின் சொந்தக்காரர் சாம் ஃபிலிப்ஸ். 1955 நவம்பரில்தான் எல்விஸ் பிரெஸ்லியின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு ஆர்.சி.ஏ. நிறுவனத்திடம் விற்றிருந்தார். அந்தப் பணத்தில் கடனை அடைத்து மூச்சுவிட்டவர், அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். கெஸ்லர் அவருக்குப் புதியவர் இல்லை. எல்விஸ் சன்னில் பாடிய பாட்டுகளில் இரண்டுக்குக் கெஸ்லர் பாதி ஆசிரியர். ஆகவே அவர் கூட்டிவந்த பையனுக்குக் கதவு எளிதாகத் திறந்தது.

சன் ஸ்டுடியோவின் ஒலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கன்ட்ரியின் மூக்கொலிக் குரலும் கிட்டாரும் கறுப்பர்களின் புளூஸ் தாளத்தோடு கலந்து வேகமெடுத்ததுதான் ராக்கபில்லி. ஆளுயரப் பாஸின் தந்தியை இழுத்து விட்டு, அது பலகையில் அறைபடும் ஓசையையே தாளமாக்குவார்கள். ஆரம்பகாலத் தட்டுகள் சிலவற்றில் டிரம்ஸ்கூடக் கிடையாது. ஃபிலிப்ஸ் அதோடு ஒரு தந்திரம் சேர்த்தார். ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்கள் இரண்டை வைத்துக்கொண்டு, பாடுவதை ஒன்றில் பதியும்போதே இன்னொன்றுக்கும் அனுப்புவார். அந்த இரண்டாவது இயந்திரத்தில் பதியும் முனைக்கும் படிக்கும் முனைக்கும் நடுவே சிறு இடைவெளி. டேப் அதைக் கடக்க ஒரு நொடியில் சிறு பங்கு ஆகும். அந்தத் தாமதத்தோடு வரும் ஒலியை முதல் ஒலியோடு கலந்துவிட்டால், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அதே சொல் ஒருமுறை சுளீரென்று திரும்பி விழும். நான்கு பேர் வாசிப்பது ஏழு பேர் வாசிப்பதுபோல் கேட்கும். பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் இந்த ஒலியை அப்படியே திரும்பக் கொண்டுவர முயன்று திணறினார்கள்.

ஸ்மித்தின் முதல் தட்டு ‘ராக் அண்ட் ரோல் ரூபி’, சன் 239, 1956-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதிவானது. ஆடத் தொடங்கினால் நிறுத்தாத ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. எழுதியவர் என்று தட்டில் ஜானி கேஷின் பெயர் இருக்கிறது. ஜார்ஜ் ஜோன்ஸ் எழுதிய பாட்டை 40 டாலருக்குக் கேஷ் வாங்கினார் என்று ஸ்மித் பிற்காலத்தில் சொல்லிவந்தார். எல்விஸ், கேஷ், கார்ல் பெர்கின்ஸ் மூவரும் சன்னில் வெளியிட்ட முதல் தட்டுகளைவிட ஸ்மித்தின் முதல் தட்டு அதிகம் விற்றது. ஆனால் விற்பனை பெரும்பாலும் தென் மாநிலங்களோடு நின்றுவிட்டது. நாடு முழுதும் தழுவிய பட்டியலில் அது ஏறவில்லை. அதற்குப் பின்னால் வந்த எண்களைப் பாருங்கள்: 241 கேஷின் ‘ஐ வாக் தி லைன்’, 242 ராய் ஆர்பிசனின் ‘ஊபி டூபி’. முன்னால் 234 பெர்கின்ஸின் ‘புளூ ஸ்வேட் ஷூஸ்’. ஒரே ஆண்டில், ஒரே அறையில், இவ்வளவு நெரிசல்.

ரூபியின் பின்பக்கத்தை யாரும் அதிகம் போட்டுக் கேட்பதில்லை. ‘ஐ’ட் ராதர் பி சேஃப் தேன் ஸாரி’ என்ற அந்தப் பாட்டில் ராக் அண்ட் ரோலின் சாயல்கூட இல்லை. மதுக்கூடங்களில் பாடும் சுத்தமான கன்ட்ரி. குரல் சற்றும் நடுங்காமல், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் லேசாக வளைத்து விடுகிறது. முன்பக்கத்தில் ஸ்மித் துள்ளுவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எந்த வீட்டுக்காரர் என்பது பின்பக்கத்தில் தெரிகிறது. சன்னின் பழக்கமே அது: ஒரு பக்கம் ஆட்டத்துக்கு, மறுபக்கம் கன்ட்ரிக்கு. வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் தட்டின் ஒரு பக்கத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது தட்டில் இந்தப் பிளவு இன்னும் விநோதமாக இருக்கிறது. 1956-இன் பிற்பகுதியில் வந்த சன் 250-இன் முன்பக்கம் ‘உபாங்கி ஸ்டாம்ப்’. ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே ராக் அண்ட் ரோலைக் கண்டதாகப் பாடும் பாட்டு. சார்ல்ஸ் அண்டர்வுட் எழுதியது. தாளம் அபாரம், வரிகள் இன்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும்படி இருக்கின்றன. ஹாலிவுட் படங்களில் அமெரிக்கப் பழங்குடிகளின் வாயில் திணிக்கும் உடைந்த ஆங்கிலத்தை ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவர் பேசுகிறார். எழுதியவருக்கு இரண்டு கண்டங்களும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். இந்தப் பாட்டைத் தாளத்துக்காக மட்டும் ரசிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1956-இல் அமெரிக்கத் தெற்கு எப்படி இருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி, அந்தக் கறை கழுவிப் போகாது.

அதே தட்டைத் திருப்பினால் ‘பிளாக் ஜாக் டேவிட்’. வீட்டையும் கணவனையும் விட்டு ஒரு நாடோடியோடு போய்விடும் சீமாட்டியின் கதை. ஸ்காட்லாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே புழங்கிய நாட்டுப்பாடல். பிரிட்டானியக் கதைப்பாடல்களைத் தொகுத்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் வரிசையில் 200-ஆம் எண். குடியேறியவர்களோடு கடல் கடந்து அப்பலாச்சிய மலைகளுக்கு வந்தது. கார்ட்டர் குடும்பத்தார் 1940-இல் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்மித் இதைப் பழம்பொருளாகப் பாடவில்லை. நேற்று பக்கத்துத் தெருவில் நடந்த செய்திபோல் பாடுகிறார். இருநூறு ஆண்டுப் பழைய கதைக்குச் சன்னின் எதிரொலி பொருந்துவதைக் கேட்கும்போது, ராக்கபில்லி வானத்திலிருந்து குதித்த புரட்சி என்ற பேச்சு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

மூன்றாவது தட்டுதான் நாம் தொடங்கிய 268. ‘ஸோ லாங் ஐயாம் கான்’ ஆர்பிசன் எழுதியது; நிதானமான நடை, விட்டுப்போகிறேன் என்று சலனமில்லாமல் சொல்லும் குரல். பின்பக்கம் ‘மிஸ் ஃப்ராகி’. ஸ்மித் பாடியதிலேயே முரட்டுத்தனமானது. ஆல் ஹாப்சனின் கிட்டார் முதல் நொடியிலேயே சண்டைக்கு வருகிறது. டிரம்ஸ் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. ஸ்மித் பழைய புளூஸ் பாடகர்களின் உருவகங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார். ராக்கபில்லி என்றால் என்னவென்று கேட்பவருக்கு இதைப் போட்டுக் காட்டினால் போதும்.

268 நாடு தழுவிய பட்டியலில் ஏறத் தொடங்கிய அதே சமயத்தில் 267 எரியத் தொடங்கியது. 1957 ஜூலை 28 அன்று லூயிஸ் ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபின் அந்த நெருப்பு கட்டுக்குள் இல்லை. இங்கே சிறிய இசைத்தட்டு நிறுவனங்களின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். தட்டை அச்சடிக்கும் ஆலைக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும். விநியோகஸ்தர்கள் வாங்கிய சரக்குக்கு மாதங்கள் கழித்துத்தான் பணம் தருவார்கள். விற்காததைத் திருப்பியும் அனுப்புவார்கள். ஆகவே ஒரு பாட்டு பெரிதாக ஓடினால் கையில் பணம் சேருவதற்கு முன்னால் கையிலிருக்கும் பணமெல்லாம் அதற்கே போய்விடும். பெரும் வெற்றியே சிறிய நிறுவனத்தை மூழ்கடித்த கதைகள் உண்டு. ஃபிலிப்ஸால் ஒரு சமயத்தில் ஒரு குதிரைக்குத்தான் தீனி போட முடிந்தது. அவர் லூயிஸைத் தேர்ந்தெடுத்தார்.

அது தவறான முடிவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் ஸ்மித் மட்டும் இல்லை. அதே ஆண்டில் பில்லி லீ ரைலியின் ‘ரெட் ஹாட்’ கேட்டு வந்த ஆர்டர்களை ஓரங்கட்டிவிட்டு லூயிஸின் ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’ தட்டுக்கு ஃபிலிப்ஸ் வழிவிட்டார். ரைலி குடித்துவிட்டு ஸ்டுடியோவுக்குள் புகுந்து கருவிகளை நாசம் செய்தது சன்னின் பிரபலமான கதைகளில் ஒன்று. ஸ்மித் அப்படிக் கலாட்டா செய்ததாகக் கதை இல்லை. இன்னும் இரண்டு தட்டுகள் பாடிக் கொடுத்தார். ஒன்று ஸ்லிம் ஹார்ப்போவின் புளூஸ் பாட்டான ‘காட் லவ் இஃப் யூ வான்ட் இட்’. மற்றொன்று 1959-இல் வந்த, டான் கிப்சன் எழுதிய ‘ஸ்வீட் ஸ்வீட் கேர்ள்’. இரண்டும் ஓடவில்லை. மொத்தம் ஐந்து தட்டுகள், பத்துப் பாட்டுகள்: சன்னில் கழிந்த அவர் இசை வாழ்க்கையின் முதல் பாகம் அவ்வளவுதான்.

வெளிவந்தது பத்து, அலமாரியில் தூங்கியவை வேறு. அவற்றில் ‘யுரேனியம் ராக்’ தன் காலத்தைப் படம்பிடித்த ஒன்று. 1950-களில் அமெரிக்க அரசு அணுகுண்டுக்காக யுரேனியத்தை உறுதியான விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. கெய்கர் கருவியைத் தூக்கிக்கொண்டு கொலராடோ பீடபூமியில் ஆயிரக்கணக்கானோர் அலைந்தார்கள். 1952-இல் யூட்டா மாநிலத்தின் மோவாப் அருகே சார்லி ஸ்டீன் என்ற ஏழை நிலவியலாளர் பெரும் படிவம் கண்டு கோடீஸ்வரர் ஆனார். அந்தப் பேராசைக் காய்ச்சலைத்தான் ஸ்மித் கேலியாகப் பாடுகிறார். பாட்டு அப்போது வெளிவந்திருந்தால் நாலு பேர் சிரித்து வாங்கியிருப்பார்கள்.

ஆனால் ஃபிலிப்ஸ் வெளியிடாமல் வைத்தவற்றில் மன்னிக்க முடியாதது ‘ரெட் காடிலாக் அண்ட் எ பிளாக் மஸ்டாஷ்’. தன்னுடைய பெண் நேற்றிரவு சிவப்புக் காடிலாக் வண்டியும் கறுப்பு மீசையும் வைத்த ஒருவனோடு சுற்றினாள் என்று ஊர் பேசுவதை ஒருவன் கேட்டுவிட்டு அவளிடமே விசாரிக்கிறான். அவ்வளவுதான் கதை. ஸ்மித் கத்தவில்லை. கோபத்தைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பாடுகிறார். தாளம் மெம்ஃபிஸுடையது, மனம் கன்ட்ரியுடையது. அவருடைய தட்டுகளில் இரண்டு பக்கங்களாகப் பிரிந்து கிடந்தது இந்த ஒரு பாட்டில் ஒட்டிக்கொள்கிறது. இதே பாட்டை 1957-இலேயே பாப் லூமன் இம்பீரியல் நிறுவனத்துக்காகப் பாடி வெளியிட்டார். லூமன் நன்றாகத்தான் பாடியிருக்கிறார். ஆனால் அவர் குரலில் சந்தேகம் இல்லை, உற்சாகம்தான் இருக்கிறது. ஸ்மித்தின் பதிவு வெளிச்சம் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

1959-இல் ஸ்மித் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு லிபர்ட்டி நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. ஜூலி லண்டனும் எடி காக்ரனும் பாடிய, சிப்மங்க்ஸ் என்ற அணில் குரல் பாட்டுகளால் சம்பாதித்த ஹாலிவுட் நிறுவனம் அது. அப்போதுதான் ஜோ அலிசன் என்பவரை வைத்துக் கன்ட்ரிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஸ்மித்துக்குக் கிடைத்த பாட்டாசிரியர் ஹார்லன் ஹோவர்ட். ரே பிரைஸ் பாடிய ‘ஹார்ட்ஏக்ஸ் பை தி நம்பர்’ எழுதியவர், கன்ட்ரியின் எழுத்தாளர்களில் முதல் வரிசைக்காரர். 1960-இல் ஹோவர்டின் ‘ஐ டோன்ட் பிலீவ் ஐ’ல் ஃபால் இன் லவ் டுடே’ கன்ட்ரிப் பட்டியலில் ஐந்தாம் இடம் பிடித்தது. மறு ஆண்டு அவருடைய ‘ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்’ ஏழாம் இடம். ஷெர்லி காலியோடு சேர்ந்து, ஜார்ஜ் ஜோன்ஸின் பழைய வெற்றிப் பாட்டான ‘ஒய் பேபி ஒய்’ பாடியதும் பட்டியலில் ஏறியது. 1961-இல் முழு ஆல்பமே வந்தது. சன்னில் அவருக்கு அது ஒருபோதும் கிடைக்கவில்லை.

இந்தப் பாட்டுகளைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாஷ்வில் நகரத்துத் தயாரிப்பாளர்கள் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் வைத்துக் கன்ட்ரியை மெழுகிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்மித்தின் லிபர்ட்டிப் பதிவுகள் ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் கைவிடவில்லை. ‘ஐ டோன்ட் பிலீவ்’ பாட்டில், காயம்பட்டவன் இன்றைக்கு மட்டும் காதல் வேண்டாம் என்று ஒத்திப்போடும் தொனியை அவர் பிடித்திருக்கும் விதம் தேர்ந்த நடிகனுடையது. குரல் சன்னில் இருந்ததைவிட உறுதியானது. ஆனால் அந்த ஆண்டுகளில் அப்படிப் பாடக்கூடியவர்கள் இன்னும் பத்துப் பேராவது இருந்தார்கள். ‘மிஸ் ஃப்ராகி’ போலப் பாட அவ்வளவு பேர் இல்லை. சேகரிப்பாளர்களின் சார்பு முழுக்க அநியாயம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் அவர்கள் லிபர்ட்டி ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துபோவது அநியாயம்தான்.

1965 ஆகஸ்டில் டெக்சாஸின் லா கிரேஞ்ச் அருகே கார் விபத்து. முதுகில் பலத்த காயம். எழுந்து நடமாட ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அதற்குள் லிபர்ட்டி ஒப்பந்தம் போய்விட்டது. மாத்திரைப் பழக்கமும் குடியும் முற்றின. மருந்துக்கடை ஒன்றில் கொள்ளையடித்ததற்காகப் பதினெட்டு மாதம் சிறையில் இருந்தார். சிறிய நிறுவனங்களுக்குச் சில தட்டுகள் பாடினார், எதுவும் நகரவில்லை. பிறகு டெக்சாஸின் லாங்வியூவில் ஒரு நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, வார இறுதிகளில் பாடும் மனிதராக அமைதியானார்.

இந்த நேரத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொன்று நடந்தது. சன் நிறுவனத்தை ஃபிலிப்ஸ் 1969-இல் ஷெல்பி சிங்கிள்டனுக்கு விற்றிருந்தார். 1970-களில் இங்கிலாந்தின் சார்லி நிறுவனம் உரிமை பெற்றுப் பழைய டேப்புகளைத் தோண்டி வெளியிடத் தொடங்கியது. கூடவே பிரிட்டனில் பழைய ராக் அண்ட் ரோலுக்கு மீண்டும் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. 1958-இல் யாரும் சீண்டாத, ஹாங்க் மைசெல் பாடிய ‘ஜங்கிள் ராக்’ 1976-இல் பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது என்றால் அந்தப் பித்தின் அளவு புரியும். 1977 ஏப்ரலில் லண்டன் ரெயின்போ அரங்கில் சார்லி ஃபெதர்ஸ், பட்டி நாக்ஸ், ஜாக் ஸ்காட் ஆகியோரோடு ஸ்மித்தையும் மேடையேற்றினார்கள். அமெரிக்காவில் பெயர் மறந்துபோன மனிதருடைய பாட்டுகளை, அவை பதிவானபோது பிறந்தே இராத ஆங்கிலேயப் பிள்ளைகள் கூடவே பாடினார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ‘ரூபி’, ‘உபாங்கி’, ‘காடிலாக்’. ஐந்தாம் இடம் பிடித்த பாட்டைக் கேட்டு யாரும் அங்கே வரவில்லை. அதே ஆண்டு மீண்டும் ஐரோப்பா போனார். அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, 1980 ஜனவரி முடிவில், லாங்வியூவில் மாரடைப்பால் இறந்தார். 48-ஆம் பிறந்தநாளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் இருந்தது.

அதன்பின் பாட்டுகள் தனியே பயணம் செய்தன. ஸ்ட்ரே கேட்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தில் ‘உபாங்கி ஸ்டாம்ப்’ பாடினார்கள். கிராம்ப்ஸ் குழு ‘யுரேனியம் ராக்’ பாட்டை எடுத்துக்கொண்டது. 2001-இல் சன்னுக்கு மரியாதை செய்ய ஒரு தொகுப்பு வந்தபோது பாப் டிலன் தேர்ந்தெடுத்தது கேஷையோ பெர்கின்ஸையோ இல்லை. ‘ரெட் காடிலாக்’ பாட்டைத்தான். நாற்பது ஆண்டுக்கு முன் வெளியிடத் தகுதியில்லை என்று ஒதுக்கிய பாட்டு அது.

ராக்கபில்லி வரலாறுகளில் ஸ்மித்தின் கன்ட்ரி வெற்றி பின்னிணைப்பாக வருகிறது. கன்ட்ரி வரலாறுகளில் பெரும்பாலும் வருவதே இல்லை. அங்கே அவர் இரண்டு பாட்டு ஜெயித்த நூறு பேரில் ஒருவர். இரண்டு தரப்பும் பாதி மனிதரைத்தான் வைத்திருக்கின்றன. ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் சன் பதிவுகளையும் லிபர்ட்டிப் பதிவுகளையும் தனித்தனித் தொகுப்புகளாகத் திருத்தமாக வெளியிட்டிருக்கிறது; நல்ல வேலை, ஆனால் அதிலும் பிரிவினை தொடர்கிறது. புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ‘மிஸ் ஃப்ராகி’யில் தொடங்காதீர்கள். 1956-இல் பதிந்த ‘ஐ’ட் ராதர் பி சேஃப் தேன் ஸாரி’யையும் 1960-இல் வந்த ‘ஐ டோன்ட் பிலீவ் ஐ’ல் ஃபால் இன் லவ் டுடே’யையும் முதலில் அடுத்தடுத்துக் கேளுங்கள். நடுவே ‘ரெட் காடிலாக்’கை வையுங்கள். ‘மிஸ் ஃப்ராகி’யைக் கடைசியில் கேட்டாலும் கெட்டுப்போகாது.